வாசலிலிருந்து வண்டிப்பாதை வரை

கரிசல் மண்ணைப் பற்றி எழுதியவர்களுக்குக் குறைவில்லை. கோவில்பட்டியில் 1901-ல் தொடங்கிய வேளாண் ஆராய்ச்சி நிலையம் அதன் ஈரப்பிடிப்பையும் பருத்தி விளைச்சலையும் நூறாண்டுக்கு மேலாக அளந்து வருகிறது. இடைசெவலில் பிறந்த கி. ராஜநாராயணன் அந்த மண்ணின் சம்சாரிகளையும் அவர்கள் பேச்சையும் ஓர் இலக்கிய வகையாகவே நிலைநாட்டினார். நடக்க முடியாத ஒருவருக்கு அந்த மண் என்ன செய்கிறது என்பது மட்டும் அரிதாகவே பேசப்பட்டிருக்கிறது. இங்கே ஆண்டு மழையில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டிவிடும். நனைந்த கரிசல் காலைப் பிடித்தால் விடாது. செருப்போடு சேர்ந்து ஒரு கனம் மண் ஏறும்; மாட்டுவண்டிச் சக்கரத்தில் ஆரக்கால் தெரியாமல் அப்பிக்கொள்ளும். கையால் சுற்றி ஓட்டும் மூன்று சக்கர வண்டி அந்தப் பாதையில் நாலு முழம் நகர்ந்தால் பெரிது. கோடையிலோ அதே மண் பாளம் பாளமாக வெடித்து, ஊன்றுகோலின் நுனி உள்ளே இறங்கும் அளவுக்கு வாய் திறக்கும். தை, மாசியில் சில வாரங்கள் பாதை இறுகிக் கிடக்கும். ஊன்றி நடப்பவருக்கு அவ்வளவுதான் நல்ல காலம்.

இந்த வட்டாரத்தில் உடற்குறையுள்ள ஒருவர் தம் வாழ்க்கையைத் தாமே நடத்திக்கொள்ள முடிந்ததா, முடியாமல் போயிற்றா என்பதை அவருடைய கையும் காலும் தீர்மானித்ததைவிட, வீட்டு வாசலுக்கும் கூலி கிடைக்கும் இடத்துக்கும் இடையில் கிடந்த தூரமே அதிகமாகத் தீர்மானித்தது என்பது என் வாதம். பள்ளி, மருந்து, அரசுப் பணம் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். கடந்த நூற்றைம்பது ஆண்டுகளில் அரசு, மிஷன், தொழில் முதலாளி, தொண்டு நிறுவனம் என்று ஒவ்வொரு தரப்பும் அந்தத் தூரத்தில் ஏதோ ஒரு துண்டைக் குறைத்திருக்கிறது. எந்தத் துண்டைக் குறைப்பது என்று முடிவெடுத்தவர் யார் என்ற கேள்வியை வைத்துக்கொண்டு பார்த்தால், கரிசல் காட்டின் இந்தப் பழைய கதை கொஞ்சம் வேறு மாதிரித் தெரியும்.

பஞ்சத்திலிருந்து தொடங்கலாம். 1876–78-ல் சென்னை மாகாணத்தை உலுக்கிய தாது வருஷப் பஞ்சத்துக்குப் பிறகு, 1880-ல் பஞ்சக் கமிஷன் அறிக்கை தந்தது. அதையொட்டிப் பஞ்ச விதித்தொகுப்புகள் வந்தன. வேலை செய்யக்கூடியவர்கள் ரோடு வெட்டவும் குளம் தோண்டவும் போக வேண்டும், அங்கே கூலி. பார்வையற்றவர், முடமானவர், முதியவர் ஆகியோருக்கு அவரவர் கிராமத்திலேயே உதவி. கிராம அதிகாரிகள் பட்டியல் எழுத வேண்டும். கஞ்சித்தொட்டிக்கு நடந்துபோய்ச் சேர முடியாதவரிடம் உதவி போய்ச் சேர வேண்டும் என்று அந்நிய அரசு ஏற்றுக்கொண்டது சாதாரண விஷயமில்லை. பஞ்சக் காலத்து முகாம்களில் மனிதர்கள் கூட்டங்கூட்டமாகச் செத்ததைக் கண்ட பிறகு வந்த ஞானம் அது. ஆனால் அதே விதியில் ஒரு நிபந்தனையும் இருந்தது: காப்பாற்றக்கூடிய, வழக்கப்படி காப்பாற்றக் கடமைப்பட்ட உறவினர் இல்லாதவருக்கே அந்த உதவி. உறவினர் உண்மையில் சோறு போடுகிறாரா என்பது கிராம முன்சீப்பும் கர்ணமும் தீர்மானிக்கும் காரியமாயிற்று. இந்த நிபந்தனையை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஏறத்தாழ நூறாண்டு கழித்து வேறு உடுப்பில் அது திரும்பி வரும்.

அதே அரசு மக்களையும் எண்ணியது. 1881 முதல் 1931 வரை ஒவ்வொரு மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் நான்கு வகையினர் தனியாகப் பதியப்பட்டார்கள்: மனநிலை பிறழ்ந்தவர், காது கேளாத வாய் பேசாதவர், பார்வையற்றவர், தொழுநோயாளி. கால் முடங்கியவருக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. 1941-ல் கேள்வியே கைவிடப்பட்டது. சுதந்திர இந்தியாவில் 1981-ல் ஒருமுறை கேட்டார்கள், 1991-ல் மறுபடி விட்டார்கள், 2001-லிருந்துதான் தொடர்ந்து கேட்கிறார்கள். எண்ணாத காலத்தில் அவர்கள் இல்லாமல் போய்விடவில்லை. ஆனால் ஒரு தாலுகாவில் எத்தனை பேருக்குப் பாதை வேண்டும் என்ற கணக்கே இல்லாதபோது, பாதை போடாததற்கு யாரும் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் ஏறத்தாழ 11.8 லட்சம் பேர் பதிவானார்கள். நிபுணர்கள் பலர் இதைக் குறைவான கணக்கு என்பார்கள். அது நியாயமான சந்தேகமே. வாசலில் நிற்கும் கணக்கெடுப்பாளரிடம் வீட்டுக்குள் இருக்கும் ஒருவரைப் பற்றிச் சொல்லாமல் விடுவது எவ்வளவு சுலபம் என்பது நமக்குத் தெரியாததில்லை.

1876-ல் மதுரை–தூத்துக்குடி இருப்புப்பாதை திறந்தபோது கோவில்பட்டி ரயில் நிலைய ஊராயிற்று. பருத்திப் பொதி துறைமுகத்துக்குப் போக எழுந்த பாதை அது. ஆனாலும் கரிசல் கிராமத்துப் பார்வையற்ற பிள்ளை ஒன்று பாளையங்கோட்டை போய்ச் சேருவதையும் அது சாத்தியமாக்கியது. அங்கே சாரா டக்கர் பள்ளியில் பணியாற்றிய ஆஸ்க்வித் அம்மையார் 1890-ல் பார்வையற்றோருக்கான பள்ளியைத் தொடங்கினார். அமிர்தசரஸில் 1887-ல் தொடங்கியதற்கு அடுத்து, இந்தியாவின் மிகப் பழைய பார்வையற்றோர் பள்ளிகளில் ஒன்று அது. தமிழுக்கான பிரெய்லி எழுத்துமுறை ஒன்றும் அங்கே உருவானது. இந்திய மொழிகள் அனைத்துக்கும் பொதுவான பாரதி பிரெய்லி வந்தது 1951-ல்தான் என்பதைப் பார்த்தால் அது எவ்வளவு முந்தியது என்று விளங்கும். அடுத்து 1890-களின் பிற்பகுதியில் அதே ஊரில் புளோரன்ஸ் ஸ்வெய்ன்சன் காது கேளாதோருக்கான பள்ளியைத் தொடங்கினார். இரண்டும் இன்றைக்கும் நடக்கின்றன. அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தில்தான் கோவில்பட்டியும் சங்கரன்கோவிலும் இருந்தன என்பதால், கரிசல் காட்டுக்கு இவை சொந்த மாவட்டப் பள்ளிகளே.

இந்தப் பள்ளிகளைக் குறைசொல்வது இப்போது ஒரு பாணி. பிரித்துவைத்தார்கள், மதம் மாற்றினார்கள், கூடை முடைவதற்கு மேல் கனவு காண விடவில்லை என்பார்கள். மிஷன் பள்ளிக்கு மிஷன் நோக்கமும் இருந்தது. அதை மறைத்து எழுதுவதில் பொருளில்லை. ஆனால் வேறு எங்கும் படிக்கவே வழியில்லாத காலத்தில் பிரித்துவைத்தார்கள் என்ற குற்றச்சாட்டுக்குப் பாதி பலம்தான் உண்டு. எதிலிருந்து பிரித்தார்கள்? கிராமத்துத் திண்ணைப் பள்ளியில் பார்வையற்ற பிள்ளைக்கு இடம் வைத்துக் காத்திருந்தது யார்? என் குறை வேறு இடத்தில் இருக்கிறது. அந்தப் பள்ளிகள் தூரத்தை ஒரே பக்கமாகக் கடந்தன. பிள்ளையைக் கிராமத்திலிருந்து கூட்டிக்கொண்டுபோய்க் கல்வியும் கைத்தொழிலும் கொடுத்தன. படித்து முடித்தவர் கரிசல் காட்டுக்குத் திரும்பினால் அந்தத் தொழிலுக்கு அங்கே சந்தை இல்லை, பிரெய்லி வாசிக்க இன்னொருவர் இல்லை, பாதை பழைய பாதையே. ஆகவே பலருக்குத் திறமை இருக்கும் இடம் பாளையங்கோட்டையாகவும் வீடு இருக்கும் இடம் கரிசலாகவும் பிரிந்து நின்றது. விடுதியிலேயே, பள்ளியைச் சுற்றியே வாழ்க்கையை அமைத்துக்கொள்வது இயல்பான முடிவாயிற்று. அந்த வாழ்க்கை மதிப்பானதுதான். ஆனாலும் எங்கே வாழ்வது என்பதை அவர் தேர்ந்தெடுத்தார் என்று சொல்வது கடினம்.

தூரத்தை எதிர்த் திசையில் கடந்தது தீப்பெட்டி. இதைப் பற்றி நிதானமாகவே எழுத வேண்டும், ஏனென்றால் கரிசல் வரலாற்றில் மிக அதிகமாக வசை வாங்கிய தொழில் இது. வாங்கிய வசையில் பெரும்பங்கு நியாயமானது. சிவகாசியின் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழில் கற்றுத் திரும்பி 1923-ல் தொடங்கினார்கள். அதே ஆண்டில்தான் சுவீடன் நிறுவனத்தின் விம்கோவும் இயந்திரத் தீப்பெட்டியோடு இந்தியாவுக்கு வந்தது. கையால் செய்யும் தீப்பெட்டிக்கு இயந்திரத் தீப்பெட்டியைவிடக் குறைந்த கலால் வரி என்ற நெடுங்காலக் கொள்கை இல்லாவிட்டால் சிவகாசியும் சாத்தூரும் கோவில்பட்டியும் அந்தப் போட்டியில் நின்றிருக்காது. மானாவாரி நிலம், பொய்க்கும் மழை, வெள்ளாமை இல்லாத மாதங்களில் சும்மா இருக்கும் கைகள்: தொழில் இங்கே வேர்விட இவையும் காரணம். வேலை பல துண்டுகளாகப் பிரிந்தது. கட்டை அடுக்குவது, மருந்து முக்குவது, பெட்டி ஒட்டுவது, லேபிள் ஒட்டுவது, 144 பெட்டி ஒரு குரோஸ் என்று கட்டுவது. மருந்து முக்குவதை ஆலைக்குள் வைத்துக்கொண்டு, பெட்டி ஒட்டும் வேலையை வீடுகளுக்கு அனுப்பினார்கள். சீவலும் காகிதமும் ஏஜெண்டு மூலம் தெருவுக்கு வரும். பசையை வீட்டிலேயே காய்ச்சிக்கொள்ளலாம். முடித்த பெட்டிக்கு எண்ணிக் கூலி.

இந்த ஏற்பாட்டின் குணத்தை மட்டும் எடுத்துப் பாருங்கள். உட்கார்ந்து செய்யும் வேலை. மேற்பார்வை இல்லை, நேரக் கட்டுப்பாடும் இல்லை. எண்ணிக்கைக்குத்தான் கூலி, ஒட்டியவர் நடப்பவரா தவழ்பவரா என்று ஏஜெண்டு கேட்பதில்லை. போலியோவில் கால் போன பெண்ணுக்கு, காது கேளாத இளைஞருக்கு, களையெடுக்கப் போக முடியாத மூதாட்டிக்கு, கரிசல் காட்டின் வேறு எந்தத் தொழிலும் இப்படியொரு கதவைத் திறக்கவில்லை. பருத்தி எடுக்க வயலுக்குப் போக வேண்டும், கிணறு வெட்ட இறங்க வேண்டும், பனைத் தொழிலுக்கு மரம் ஏற வேண்டும். பனையிலிருந்தும் கிணற்றிலிருந்தும் விழுந்து முதுகெலும்பு முறிந்தவர்கள் தென் மாவட்டங்களில் ஏராளம் என்பதைச் சேர்த்துப் பார்த்தால், வெளியில் இருந்த வேலைகள் உடற்குறையுள்ளவரை விலக்கியதோடு நில்லாமல் புதிதாக உண்டாக்கவும் செய்தன என்பது புரியும். சொந்தக் காசு கையில் புரள்கிற வீட்டு உறுப்பினருக்கு ஒரு குரல் உண்டு. பெட்டிக்கூலி அற்பம்தான். அந்த அற்பத்தை வைத்துக்கொண்டு ஒருவர் தமக்கு வேண்டிய மருந்தையோ புடவையையோ பிறரைக் கேட்காமல் வாங்கினால் அவர் அன்றைக்கு அந்த அளவுக்குத் தம் வாழ்க்கையின் எஜமானர்.

இதைச் சுரண்டலுக்குப் பூச்சூட்டுவதாகச் சிலர் சொல்லலாம். விடியலுக்கு முன்பே ஆலைப் பேருந்துகள் கிராமங்களிலிருந்து பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போனதும், 1996 டிசம்பரில் எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் குழந்தை உழைப்புக்கு எதிராகக் கடுமையான தீர்ப்புத் தர வேண்டியிருந்ததும் வரலாறு. விபத்தில் கை கருகியவர்களும் இதே வட்டாரத்தில்தான் வாழ்கிறார்கள். தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டமும் அதே 1923-ல் வந்தது என்பது ஒரு வினோதமான பொருத்தம். அந்தச் சட்டத்தின் அட்டவணை இரண்டு கையும் போனால் சம்பாதிக்கும் திறனில் நூறு சதவீத இழப்பு, கட்டைவிரல் போனால் முப்பது சதவீதம் என்று உடம்பைக் கூலிக்கணக்கில் வகுத்தது. வருகைப்பதிவேட்டில் பெயரே ஏறாதவருக்கு அந்தச் சதவீதமும் எட்டாக்கனி. ஆகவே என் வாதத்தைக் கவனமாக வரையறுக்கிறேன். பெட்டி ஒட்டுதல் விடுதலை என்று நான் சொல்லவில்லை. அது தூரத்தை இல்லாமலாக்கியது, ஆனால் முதலாளியின் கணக்கில் கொட்டகையும் வாடகையும் மிச்சமாவதற்காக. மாற்றுத்திறனாளிக்குக் கிடைத்தது அதன் எதிர்பாராத உபரி. தூரம் குறைந்தால் என்ன நடக்கும் என்பதற்கு அது சான்று. யாருக்காகக் குறைந்தது என்பதுதான் அதன் ஊனம்.

உபரியாக வந்தது உபரியாகவே போயிற்று. மரச்சீவல் பெட்டியை அட்டைப்பெட்டி தள்ளியது. வெட்டி மடித்து ஒட்டும் இயந்திரங்கள் வந்தன. முக்கும் வேலையும் அடுக்கும் வேலையும் மெல்ல இயந்திரத்துக்குப் போயின. 2017-ல் ஜிஎஸ்டி வந்தபோதுகூடக் கைத்தொழில் தீப்பெட்டிக்கு 5 சதவீதம், இயந்திரத் தீப்பெட்டிக்கு 18 சதவீதம் என்று பழைய வித்தியாசம் நீடித்தது. 2020 ஏப்ரலில் இரண்டுக்கும் 12 சதவீதம் ஆயிற்று. தொழில் பிழைக்க அது தேவை என்று உற்பத்தியாளர்களே கேட்டார்கள். அந்தக் கோரிக்கையின் நியாயத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் நெடுங்காலமாக வேலையை வீட்டுத் திண்ணை வரை தள்ளிக்கொண்டு வந்த வரிக்கொள்கை அந்த மாதத்தோடு முடிந்தது. யாரையெல்லாம் அது திண்ணையில் சம்பாதிக்கவைத்தது என்று டெல்லியில் யாரும் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. எண்ணியிருந்தாலும், அவர்களுக்கு அந்தத் திண்ணைக்கு அப்பால் செல்ல ஒரு பாதை போட்டுக்கொடுத்த பிறகு இதைச் செய்யலாம் என்ற எண்ணம் வந்திருக்குமா என்பது ஐயமே.

இப்போது அரசுப் பணத்துக்கு வருவோம். தமிழ்நாட்டில் 1962-ல் முதியோர் ஓய்வூதியம், 1974-ல் ஆதரவற்ற உடல் ஊனமுற்றோருக்கான ஓய்வூதியம். முதலில் சொன்ன பஞ்ச விதியின் நிபந்தனை இங்கே மறுபிறவி எடுத்தது: காப்பாற்ற ஆளிருந்தால் பணம் கிடையாது. குடும்பம்தான் நம் பண்பாட்டின் பாதுகாப்பு, தனித்து வாழ்வது மேற்கத்தியச் சரக்கு என்று சொல்பவர்கள் இந்த நிபந்தனையை உற்றுப் பார்க்க வேண்டும். குடும்பத்தோடு இருப்பவருக்குக் கையில் காசில்லை, காசு வேண்டுமென்றால் குடும்பமில்லை என்று நிரூபிக்க வேண்டும். குடும்பத்தைப் போற்றுகிற ஏற்பாடு இதுவானால் குடும்பத்துக்குப் போற்றல் தேவையில்லை. தமிழில் இரட்டைப் புலவர்கள் என்று இருவர் இருந்தார்கள். ஒருவருக்குக் கண் தெரியாது, மற்றவருக்குக் கால் நடக்காது. ஒருவர் தோளில் மற்றவர் ஏறி ஊர் ஊராகப் பாடிப் போனார்கள் என்பது மரபுக் கதை. அவர்களில் யார் யாருடைய தயவில் வாழ்ந்தார் என்று யாரும் கேட்டதில்லை, ஏனென்றால் எங்கே போவது என்பதை இருவரும் சேர்ந்தே முடிவெடுத்தார்கள். பிறர் உதவியோடு வாழ்வதும் சுயமாக வாழ்வதும் ஒன்றையொன்று வெட்டும் விஷயங்களில்லை. கலிபோர்னியாவின் பெர்க்கிலியில் 1972-ல் சுய வாழ்வு மையத்தைத் தொடங்கிய எட் ராபர்ட்ஸ் இதைத்தான் அரசியலாக்கினார். போலியோவால் கழுத்துக்குக் கீழே முடங்கி, மூச்சுக்கும் இயந்திரம் தேவைப்பட்டவர் அவர். உடுத்திவிட ஆள் வேண்டும், ஆனால் எந்தச் சட்டை என்பதைச் சொல்வது நான் என்பதுதான் அந்த இயக்கத்தின் சாரம். அதை மேற்கத்தியம் என்று தள்ளுவதற்கு முன், நம் இரட்டைப் புலவர்களையும் தள்ள வேண்டியிருக்கும்.

ஓய்வூதியத்தில் ஒரு நல்ல அம்சம் இருந்தது. பணம் மணியார்டராக வந்தது. தபால்காரர் வாசலில் நின்று எண்ணிக் கொடுத்தார். அதில் அவருக்கு ஏதாவது சேர்ந்தே போயிருக்கும், அது வேறு கதை. 2010-களில் பணம் வங்கிக்கு மாறியது. முறைகேடு குறைந்தது உண்மை. கூடவே, வங்கிக் கிளை இருக்கும் ஊருக்குப் பேருந்து ஏறுவதும், முகவரின் கருவியில் தேய்ந்த விரலை மீண்டும் மீண்டும் வைப்பதும், தொழுநோயில் விரல் இழந்தவர் எதை வைப்பது என்று நிற்பதும் சேர்ந்துகொண்டன. வாசலில் முடிந்துகொண்டிருந்த காரியம் மறுபடியும் ஒரு பயணமாயிற்று. 2023 ஜனவரியில் மாத ஓய்வூதியம் 1,000 ரூபாயிலிருந்து 1,500 ரூபாயாக உயர்ந்தது. கடும் பாதிப்புள்ளோருக்கான பராமரிப்பு உதவித்தொகை 2,000 ரூபாயானது. அதை வாங்கப் போகும் ஆட்டோ வாடகையைக் கழித்துப் பார்த்தால்தான் உயர்வின் உண்மை அளவு தெரியும்.

பாளையங்கோட்டைக்கும் தீப்பெட்டிக்கும் பிறகு மூன்றாவது வழி ஒன்றைத் தென்காசிக்குப் பக்கத்து ஆய்க்குடி காட்டியது. அது கரிசலின் எல்லையைத் தாண்டிய, மலையோர ஈரமுள்ள ஊர். அங்கே பிறந்த எஸ். ராமகிருஷ்ணன், பொறியியல் படித்துக்கொண்டிருந்தபோது 1975 ஜனவரியில் கடற்படை அதிகாரித் தேர்வுக்காகப் பெங்களூரு போனார். அங்கே உடற்திறன் சோதனையின்போது உயரத்திலிருந்து விழுந்து கழுத்தெலும்பு முறிந்தது. கழுத்துக்குக் கீழே செயலிழந்தது. ராணுவ மருத்துவமனையில் தமக்கு மருத்துவம் பார்த்த ஏர் மார்ஷல் அமர்ஜித் சிங் சாகலின் பெயரால் 1981-ல், ஐ.நா. அறிவித்த சர்வதேச ஊனமுற்றோர் ஆண்டில், அமர் சேவா சங்கத்தை ஆய்க்குடியில் ஓர் ஓலைக்கொட்டகையில் ஐந்து குழந்தைகளோடு தொடங்கினார். பிறகு, தசைச்சிதைவு நோயால் சக்கர நாற்காலியில் இயங்கும் பட்டயக் கணக்காளர் எஸ். சங்கரராமன் வந்து சேர்ந்தார். 2020-ல் ராமகிருஷ்ணனுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. சங்கத்தின் வளாகம் பெரிது. பள்ளி, விடுதி, முதுகுத்தண்டுக் காயமடைந்தோருக்கான மறுவாழ்வுப் பிரிவு எல்லாம் அங்கே உண்டு. ஆனால் இந்த வரலாற்றுக்கு வளாகத்தைவிட அதிலிருந்து வெளியே போன மொப்பெட்டுகளே முக்கியம்.

சங்கம் கிராமம் கிராமமாகப் பணியாளர்களை அனுப்பியது. வீட்டிலேயே குழந்தைக்கு உடற்பயிற்சி, பேச்சுப்பயிற்சி. பெரியவர்களுக்குச் சுயஉதவிக் குழு. சான்றிதழுக்கும் உபகரணத்துக்கும் வழிகாட்டல். 1978 அல்மா அட்டா மாநாட்டுக்குப் பிறகு உலக சுகாதார நிறுவனம் பரப்பிய சமுதாயம் சார்ந்த மறுவாழ்வு என்ற யோசனைதான் இது. ஆய்க்குடியின் தனித்தன்மை, இதை நடத்துபவர்களே சக்கர நாற்காலியில் இருந்ததில் இருக்கிறது. எந்தத் தூரம் முதலில் குறைய வேண்டும் என்பதை அவர்கள் வெளியிலிருந்து ஊகிக்க வேண்டியிருக்கவில்லை. இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் உண்டு: ராமகிருஷ்ணனைப் போன்ற ஒருவர் எல்லா ஊரிலும் பிறப்பதில்லை; படிப்பும் குடும்பப் பின்புலமும் அவருக்குத் துணை நின்றன; விளாத்திகுளம் பக்கத்து மானாவாரிக் கூலிக் குடும்பத்தில் அதே விபத்து நடந்தால் படுக்கைப்புண்ணில் கதை முடிந்திருக்கும். முழுக்க உண்மை. ஆகவேதான் தனிமனிதப் பெருமையைப் பேசும் கட்டுரைகள் எனக்கு அலுப்பைத் தருகின்றன. ஆய்க்குடி நிரூபித்தது ஒருவரின் மன உறுதியை என்று வாசித்தால் பாடம் வீணாகும். வீடு தேடி வரும் உதவியை, பயன்படுத்துபவர்களின் பொறுப்பில் விட்டால், ஒரு கிராமப்புறத் தாலுகாவிலும் அது பல பத்தாண்டுகள் நிற்கும் என்பதை அது நிரூபித்தது. பின்னால் உலக வங்கி உதவியோடு தமிழ்நாடு அரசு தொடங்கிய ‘விழுதுகள்’ சேவை மையங்களும் நடமாடும் சிகிச்சை வண்டிகளும் அதே திசையில்தான் போகின்றன.

சட்டமும் காகிதத்தில் அங்கேதான் வந்து நின்றிருக்கிறது. 2006-ன் ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை இந்தியா 2007-ல் ஏற்றது; எங்கே, யாரோடு வாழ்வது என்பதை மாற்றுத்திறனாளியே தேர்வு செய்யலாம் என்கிறது அதன் 19-ம் பிரிவு. 2016-ன் உரிமைகள் சட்டத்தில் 5-ம் பிரிவு அதையே வழிமொழிகிறது. 38-ம் பிரிவு அதிக ஆதரவு தேவைப்படுவோர் அதைக் கேட்டு விண்ணப்பிக்கலாம் என்கிறது. ஏழை நாட்டில் ஒவ்வொருவருக்கும் உதவியாளர் வைக்கப் பணம் எங்கே என்று கேட்பார்கள். உதவியாளர் இப்போதும் இருக்கிறார், கூலி மட்டும் இல்லை. பள்ளியை நிறுத்திவிட்டுத் தம்பியைத் தூக்கிச் சுமக்கும் அக்கா, களைக்கூலியை விட்டுவிட்டு மகனைக் குளிப்பாட்டும் தாய், இவர்கள் இழந்த கூலியை யாரும் பட்ஜெட்டில் எழுதுவதில்லை என்பதால் அது செலவில்லாதது போலத் தோன்றுகிறது. தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைத்திட்டத்தில் மாற்றுத்திறனாளிக்கு நான்கு மணி நேர வேலை, முழுநாள் கூலி என்ற விதி வந்தபோதும் கஜானா காலியாகவில்லை. கண்மாய்க் கரையில் தண்ணீர் கொடுப்பதும் வேலைதான் என்று ஒப்புக்கொண்டால் போதுமாயிருந்தது. சங்கங்கள் போராடித்தான் பல ஊர்களில் அந்த விதியை நடைமுறைக்குக் கொண்டுவந்தன.

2025 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு தாயுமானவர் திட்டத்தைத் தொடங்கியது. எழுபது வயதைத் தாண்டியவர்கள், மாற்றுத்திறனாளிகள் வீட்டுக்கே ரேஷன் அரிசி வண்டியில் வரும் என்பது தொடக்க அறிவிப்பு. என் வாதத்தின்படி நான் இதைக் கைதட்டி வரவேற்க வேண்டும், பெரும்பாலும் வரவேற்கிறேன். மழை மாதத்தில் கரிசல் பாதையில் இருபது கிலோ அரிசியோடு யாரும் வீடு திரும்ப வேண்டியதில்லை. ஆனால் தீப்பெட்டியின் கதை ஒரு எச்சரிக்கையும் தருகிறது. எல்லாமே வாசலுக்கு வந்துவிட்டால் வாசலுக்கு வெளியே பாதை போட வேண்டிய அவசரம் யாருக்கும் இருக்காது. ரேஷன் கடை அரிசி வாங்கும் இடம் மட்டுமா என்ன? அங்கேதான் ஊர் வம்பும் பொதுச் செய்தியும் சண்டையும் சமாதானமும் நடக்கின்றன. அரிசி வீட்டுக்கு வரட்டும். கடைக்கு ஒரு சாய்தளமும் வரட்டும். இரண்டில் எது வேண்டும் என்பதை வாங்குபவர் அந்தந்த மாதம் தீர்மானிக்கட்டும்.

அதைத் தீர்மானிக்கும் இடத்தில் உட்காரும் வாய்ப்பும் அதே 2025-ல் வந்தது. உள்ளாட்சிச் சட்டங்களைத் திருத்தி, ஒவ்வொரு ஊராட்சிக்கும் நகர மன்றத்துக்கும் மாற்றுத்திறனாளி உறுப்பினரை நியமிக்கத் தமிழ்நாடு சட்டமன்றம் வகை செய்தது. நியமன உறுப்பினர் அலங்காரப் பதவியாகிவிடும், ஓட்டில் ஜெயித்து வந்தவர்கள் அவரைப் பொருட்படுத்த மாட்டார்கள் என்பது நியாயமான பயம். பெண்களுக்கு உள்ளாட்சியில் இட ஒதுக்கீடு வந்த முதல் ஆண்டுகளிலும் இதே பேச்சு இருந்தது. கணவர்கள் நாற்காலியில் உட்கார்ந்தார்கள், பிறகு பல ஊர்களில் எழுந்துகொள்ள வேண்டியதாயிற்று. கரிசல் ஊராட்சி ஒன்றில் அந்த உறுப்பினர் கேட்கப்போவது பெரிய விஷயமாக இருக்காது. தார்ச்சாலை மெயின் ரோட்டிலிருந்து ஊருக்குள் வந்து காளியம்மன் கோயிலோடு நின்றுவிடுகிறது. அதற்கு அப்பால் காலனித் தெருவுக்குள் இருக்கும் கரிசல் பாதைக்கு எப்போது பேவர் பிளாக் வரும், ஐப்பசிக்கு முன்னாலா, பின்னாலா என்று கேட்பார். பதிலை மினிட் புத்தகத்தில் எழுதித்தான் ஆக வேண்டும்.